கடிகாரம் கட்டிய கை

ஜனவரி 19, ஞாயிறு

மகள் தாரணி மாலை பஸ்ஸில் ஓசூர் கிளம்பிவிட்டாள். பொங்கலுக்கு வந்தவள் அவள் அப்பாவுக்கு ஒரு கடிகாரம் வாங்கி வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மணி பார்ப்பது அதன் வேலைகளில் கடைசி. எத்தனை அடி நடந்தார், நாடி எவ்வளவு துடித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த வழியாகப் போய் வந்தார் எல்லாம் அது குறித்துக்கொள்ளும். குறித்தது என் போனுக்கும் தாரணியின் போனுக்கும் வரும்.

நவம்பரில் இவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நடந்தீங்களா என்று கேட்டால் நடந்தேன் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறிய மனுஷன். பேச்சைக் கீழேயே வைத்துவிட்டு ஏறிப் பழகியவர்.

எனக்கு அது போதாது. நான் கணக்கு டீச்சர். விடையை மட்டும் எழுதி வைத்தால் மதிப்பெண் போடமாட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

6,140 அடி. முதல் நாளே.

ஜனவரி 22, புதன்

கடிகாரத்தை நம்பலாமா என்று சோதித்தேன். அவர் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் நூறு அடி எண்ணி நடந்தேன். தொண்ணூற்றாறு காட்டியது. பரவாயில்லை. அடுத்து நின்ற இடத்திலேயே தேங்காய் துருவினேன். ஒரு மூடிக்கு நாற்பத்திரண்டு அடி.

ஆக, கை ஆடினால் கால் நடந்ததாக நினைத்துக்கொள்கிறது. இவருக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். முடிந்ததும் மதிப்பெண் பதிவேட்டை எடுக்க இரண்டாவது மாடிக்குப் போனேன். முதல் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது சுற்றுகிறார்களா என்று கவனித்தேன். ஒருவரும் இல்லை. எல்லோரும் மைதானத்தில் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து பன்னிரண்டு நாள். கோபியில் இந்த மாதத்தில் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு எப்படித்தான் நிற்கிறார்களோ.

ஜனவரி 30, வியாழன்

அரைநாள் விடுப்பு. ஈரோட்டில் டாக்டரிடம் காட்டினோம். என் போனை நீட்டினேன். டாக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நாளுக்கு ஆறாயிரம் அடி. அதுவும் இந்த வேகத்துல. ஸ்டென்ட் வெச்சவங்க எல்லாரும் உங்க மாதிரி நடந்தா எனக்கு வேலை இருக்காதுங்க" என்றார்.

ஒரு மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். இனி மாடி ஏறலாம், வண்டி ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாராவது பாராட்டினால் இவருக்குக் கூச்சம்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "ஏனுங்க, மாத்திரை கொறஞ்சுதே, சந்தோசந்தானே?"

"ம்" என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

நாடித்துடிப்பைச் செயலி ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. இவர் காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். 6.04 முதல் 6.06 வரை கோடு இல்லை. 6.51 முதல் 6.53 வரை மறுபடியும் இல்லை. முதல் இடைவெளிக்கு முன்னும் இரண்டாவதற்குப் பின்னும் இவருடைய துடிப்பு எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு. இரண்டுக்கும் நடுவே, தொடங்கும்போது ஐம்பத்து நான்கு. பிறகு நடக்க நடக்க ஏறுகிறது, ஏறுவதும் படிப்படியாக, அழகாக.

தாரணியிடம் போனில் சொன்னேன்.

"பட்டை லூசா இருக்கும்மா. அப்பாவை இறுக்கிக் கட்டச் சொல்லு."

பட்டை தளர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் விடுபடும். பன்னிரண்டு நாளாக ஒரே நிமிடத்தில் விடுபடாது. ஒரே பெஞ்சில் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தால் அது தப்பு இல்லை, காப்பி.

பிப்ரவரி 4, செவ்வாய்

வழியைக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடப்பள்ளி வாய்க்கால் கரையோடு நேராகப் போகிறது, நேராகத் திரும்புகிறது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இவர் நடந்தால் அப்படியா இருக்கும்? கம்பி தொய்ந்து கிடக்கும் கம்பம் ஒன்றைப் பார்த்தால் பத்து நிமிடம் அண்ணாந்து நிற்பாரே.

குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்தேன். போண்டா, வடை வாசம் எதுவும் இல்லை. பூ வாசமும் இல்லை. அதையும் பார்த்தேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

வியர்வை வாசமும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்பில் சாக்பீஸ் இன்று நான்கு முறை உடைந்தது. மட்டமான சரக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரவிக்கை தைக்கும் சரோஜா அளவு ரவிக்கையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். "டீச்சர், அளவுக்குக் குடுத்ததே உங்களுக்கு லூசா இருக்குதுங்க. போட்டுக் காட்டுங்க" என்றாள். போட்டேன். தோளிலிருந்து வழிந்தது. வேறு யாருடைய அளவு ரவிக்கையோ மாறி வந்துவிட்டது என்றேன். இல்லவே இல்லை என்று சாதிக்கிறாள். என் ரவிக்கை எந்த வீட்டில் இருக்கிறதோ.

அவர் மதியம் தூங்கும்போது கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். துடிப்பு 151 காட்டியது. கீழே இறங்கி வந்து பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்தேன். உட்கார்ந்து கால் மணி நேரம் ஆன பிறகும் 118. 'துடிப்பு ஒழுங்காக இல்லை' என்று ஒரு செய்தி வேறு.

இப்போது விஷயம் தெளிவு. இதயத்தில் கம்பி வைத்தவருக்கு ஐம்பத்து நான்கு. ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு எடுக்காத எனக்கு நூற்றுப் பதினெட்டு. ஒருவருக்குக் குறைத்தும் ஒருவருக்குக் கூட்டியும் காட்டுகிற தராசை யாராவது கடையில் வைத்துக்கொள்வார்களா? அடி எண்ணுவதில் கெட்டி, நாடி பார்ப்பதில் கோட்டை விடுகிறது. அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த இரண்டு இடைவெளிகள்.

பிப்ரவரி 12, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டு, "கோகிலவாணி, எட்டாம் வகுப்புப் புள்ளைங்க பயப்படுதுங்க. சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். யார் போய்ச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நடக்கும்போது வாட்ச்ச கழட்டுவீங்களா?"

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"வேர்த்தா தொடைக்கோணுமில்ல."

"ரண்டு தடவையா?"

"நீ என்ன, பறக்கும் படையா?" என்று சிரித்தார். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. சாதம் பாதி மீந்தது.

தாரணியிடம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளை, அங்கிருந்தே ஏதோ மாற்றினாள். இனி துடிப்பு ரொம்ப ஏறினால் அவளுக்கு உடனே எச்சரிக்கை வருமாம். நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போகப் போகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இந்த நோட்டை அவர் கொண்டுவந்து கொடுத்தார். எழுத நேரம் நிறைய இருக்கிறது. ஞாயிறு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டாவது இடைவெளி வருமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆறரை மணிக்குக் கிளம்பினேன். வாய்க்கால் கரையில் பாதித் தூரம் போவதற்குள் மூச்சு வாங்கியது. வேகமாக நடந்ததால் இருக்கும். இரண்டாவது மதகின் கட்டைச் சுவரில் இவர் உட்கார்ந்திருந்தார். மடியில் யாருடையதோ ஒரு தொப்பி. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இவர் கையில் கடிகாரமும் இல்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. வாத்தியார் கையில் துண்டுச் சீட்டோடு மாட்டிக்கொண்ட பையன் எப்படி இருப்பான், அப்படி இருந்தார். நான் எதுவும் கேட்குமுன் தூரத்தில் ஒருவர் கையை வீசிக்கொண்டு வந்தார். சுபேதார் சென்னியப்பன். பட்டாளத்திலிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, இன்னமும் அணிவகுப்பில் நடக்கிற மாதிரிதான் நடப்பார். அவர் மணிக்கட்டில் இருந்தது என் மகள் வாங்கிய கடிகாரம்.

"வணக்கம் டீச்சர்" என்றார். உடனே கையைப் பின்னால் மறைத்தார். அறுபத்தாறு வயது மனுஷன்.

"எத்தன நாளாங்க இது?" என்றேன்.

"மூணு வாரம் தாண்டிருச்சுங்க. நான் எப்படியும் நடக்கறவன். அண்ணன் கேட்டாரு, கட்டிக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்து, "பொய்னு எதுவும் சொல்லலீங்க. என்னைய யாரும் கேக்கல" என்றார். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் பாராட்டியது சுபேதாரின் கால்களை. மாத்திரையைக் குறைத்தது சுபேதாரின் இதயத்தைப் பார்த்து. எனக்குக் கை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

"மொதல் நாளு நாந்தான் நடந்தேன்" என்றார் இவர். "மறுநா மூணாவது மதகுகிட்ட நெஞ்ச இறுக்கிப் புடிச்சுது. உக்காந்துட்டேன். முன்னால ஆளில்ல, பின்னால ஆளில்ல. கம்பத்து மேல கரண்டு அடிச்சுத் தொங்கினப்பக்கூட அப்படிப் பயந்ததில்ல அம்மிணி. அதுக்கப்புறம் இங்க தாண்டிக் கால் போகல."

"அத ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டாக்டர்கிட்டச் சொல்லுவே. அவரு நெஞ்சப் பொளக்கோணும்பாரு."

"சும்மா நடக்கலைன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?"

வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சொல்ற மாதிரியா நீ வெச்சிருக்கே? காலைல சோத்தப் போடறதுக்கு முன்ன மார்க்கு போடறே."

கையில் பை கொண்டுவரவில்லை. கடிகாரத்தை என் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.

எட்டு மணி இருக்கும். தாரணி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, அப்பா என்ன பண்றாங்க?"

"பேப்பர் படிக்கிறாரு. ஏன்?"

"நூத்தி அறுவத்திரண்டு காட்டுதும்மா. ஒரு மணி நேரமா எறங்கவே இல்ல. ஒழுங்கில்லாமத் துடிக்குதுன்னு சிவப்புல வருது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நெஞ்சு வலியை ஒரு மாதமாக மறைத்த மனுஷன். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கார் எடுக்கச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல அம்மிணி" என்றார் இவர்.

"இனி உங்க பேச்ச நான் நம்பறதா இல்ல" என்றேன். செருப்பு போடக்கூட விடவில்லை.

முப்பத்தைந்து கிலோமீட்டரும் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் கையில் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது. ரோடு மோசம் என்று நினைத்தேன். சித்தோடு தாண்டும்போது கண் இருட்டியது. காலையில் சாப்பிடவில்லையே என்று நினைத்தேன்.

அவசரப் பிரிவில் அவரைப் படுக்க வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். நான் கால்மாட்டில் நின்று மொத்த விவரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஸ்டென்ட், மூணாவது மதகு, நூற்று அறுபத்திரண்டு. நர்ஸ் பெண் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எழுவத்தாறுதாங்க. நல்லா இருக்கு."

"இல்லம்மா, வாட்ச்சுல காட்டுச்சு. என் பொண்ணு பார்த்தா."

"வாட்ச் எங்கீங்க?"

எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். பிறகு என் கையை. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "அம்மா, நீங்க மொதல்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு மேலே விளக்குகள்.

பிப்ரவரி 21, வெள்ளி

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். மாதக்கணக்காக இருந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதனால்தான் இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் இரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாமாம். வாய் கோணி, கை விழுந்து... அதை முழுதாக எழுத விருப்பமில்லை.

இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. எத்தனை ஆயிரம் தாள் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"எடை குறைஞ்சுதா?" என்றார். தையல்காரியின் தப்பு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். குறைந்தது என்றேன். "வேர்க்குமா? படி ஏறினா மூச்சு வாங்குமா?" ஆமாம். ஆமாம். "கோபம் அதிகமா வந்திருக்குமே?"

இவரைப் பார்த்தேன். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது முன்னயிருந்தே கொஞ்சம் உண்டுங்க" என்றார்.

டாக்டரும் நர்ஸும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. தைராய்டுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரி 24, திங்கள்

இவரையும் ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். அடைப்பு எதுவும் புதிதாக இல்லை. அன்று மதகருகே வந்தது பயமாகவும் இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம், ஆனால் சொல்லாமல் இருந்ததுதான் ஆபத்து என்றார் டாக்டர். குறைத்த மாத்திரையைத் திரும்ப எழுதினார். சுபேதார் விஷயத்தை நான்தான் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, திட்டவில்லை.

தாரணி வந்திருக்கிறாள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். "நானும் அப்பா அப்பான்னே இருந்துட்டேன்மா" என்றாள். அவள் மட்டுமா. நவம்பரில் அறுவை அறைக்கு வெளியே நின்றதிலிருந்து எனக்கு அவருடைய மூச்சு ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. விடியுமுன் எழுந்து அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். கடிகாரம் வந்தபோது அப்பாடா என்றிருந்தது. இதை அவரிடம் சொன்னதில்லை. இன்று தாரணி டீ வாங்கப் போனபோது சொன்னேன்.

"எனக்கு நீ போலீசுக்காரி மாதிரி தெரிஞ்சுதே" என்றார்.

மார்ச் 3, திங்கள்

இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடக்கம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மேற்பார்வைக்கு நான் போகவில்லை. பத்து மணிக்கு வினாத்தாள் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் கிடந்தேன். இவர் ரசம் வைத்தார். புளி அதிகம். நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தைத் தாரணி சரிசெய்து என் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று இவர் கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் கட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னதால் இன்று மேசையில் வைத்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் வாய்க்கால் கரைக்குப் போனோம். இருபது நிமிடம், மெதுவாக. எனக்கு அவ்வளவுதான் அனுமதி. சுபேதார் எதிரே வந்தார், வணக்கம் வைத்துவிட்டு வேகமாகக் கடந்தார். எங்கே கடிகாரத்தை நீட்டிவிடுவேனோ என்று பயந்திருப்பார்.

கொஞ்ச தூரம் போனதும் இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண் இவருக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு விரலை எங்கே வைக்க வேண்டும் என்பது இவருக்கு இப்போது தெரியும். நான் நடையை இன்னும் குறைத்துக்கொண்டேன். கரையில் ஊரே நடக்கிறது. முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் வெளியிடத்தில் என் கையைத் தொட்டதில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடமும் ஆயிருக்கும். விடவில்லை.

"எவ்வளவுங்க இருக்குது?" என்றேன்.

"எண்ணல."

"பின்ன?"

"சும்மா புடிச்சிருக்கறேன்."

அப்போது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர், பத்தாம் வகுப்பு, சைக்கிளில் எதிரே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் இறங்கி, "வணக்கம் மிஸ்" என்றார்கள். பார்வை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். மற்றக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னேன்.